டிரைவர்கிட்ட கேளுங்க: தடைக்காலம், சாளை, தங்கல், கூரை மேல ஒரு பெட்டி

போன மாசம் தேங்காப்பட்டணம் முகத்துவாரத்துல மணல் தட்டுறத பத்தி இந்தப் பக்கத்துல ஒரு பதில் எழுதியிருந்தேன், அதுக்கப்புறம் வந்த கடுதாசி, வாட்ஸப் எல்லாத்துலயும் முக்காவாசி கேள்வி ஒரே ஆளப் பத்திதான் இருந்துச்சு. மீன்பிடி போட்டு, அதாவது விசைப்படகு ஓட்டுற டிரைவர். அவரு என்ன நெனைக்கிறாரு, ஏன் சட்டத்த மதிக்க மாட்டேங்குறாரு, ஏன் இன்னும் இந்தத் தொழில விடல, இப்படியே. நானும் 31 வருஷம் ஸ்டியரிங் பிடிச்சவன்தான், முட்டி தேஞ்சு போனதால கரையேறினவன், அதனால எனக்குத் தெரிஞ்சத மறைக்காம எழுதுறேன்.

எங்க பள்ளிக்கூடத்துல படிக்கிற ஒரு பையனுக்க அப்பா ஆழ்கடல் போட்டுல டிரைவர். ஓகிப் புயல்ல கூடப்பிறந்த தம்பிய பறிகொடுத்தவரு. ஒரு வருஷம் கடலுக்குப் போகாம கொத்தவேலைக்குப் போனாரு, இப்ப திரும்பவும் போட்டுல ஏறிட்டாரு. பையன் கிளாஸ்ல உக்காந்து மழை பெய்தா ஜன்னலயே பாக்குறான். ஏன் திரும்பப் போறாங்கன்னு கொஞ்சம் சொல்லுங்கண்ணே. – ஆசிரியை, மார்த்தாண்டம்

டீச்சரம்மா, உங்க கடுதாசிய நாலு நாளு சட்டப் பையிலயே வச்சிருந்தேன். 2017 நவம்பர் 29 ராத்திரியும் 30ம் தேதியும் எங்களுக்க எட்டு ஊருலயும் யாரு வீட்டுல விளக்கு எரிஞ்சது யாரு வீட்டுல எரியலன்னு இன்னைக்கும் எனக்கு மனப்பாடமா தெரியும், நீரோடியில இருந்து இரயுமன்துறை வரைக்கும் ஒரு தெரு பாக்கியில்லாம அழுத நாளு அது. அந்தக் காத்துல கூடப்பிறந்தவன விட்டுட்டு வந்த மனுஷன் திரும்பி ஏறுறான்னா காசுக்காகத்தான்னு ஊரு சொல்லும், கடன் இருக்கும், அது உண்மைதான், ஆனா அது பாதிதான்.

கொத்தவேலைக்குப் போனா காலையில எட்டு மணிக்கு வான்னு ஒருத்தன் சொல்லுவான், கல்லு எங்க வைக்கணும்னு இன்னொருத்தன் சொல்லுவான். போட்டுல அப்படியில்ல. தெற்க ஓடணுமா மேற்க ஓடணுமா, தூண்டில் எப்ப விடணும், நீவாடு, அதாவது நீரோட்டம், எந்தப் பக்கம் இழுக்குது, ஐஸ் இன்னும் எத்தன நாளு தாங்கும், எப்ப வீட்டுக்குத் திருப்பணும், எல்லாம் அவனுக்க வாயில இருந்துதான் வரணும். பன்னெண்டு பதிமூணு வீட்டுல அடுப்பு எரியுறது அவனுக்க ஒரு சொல்லுல இருக்கு. இருபது வயசுல இருந்து இதுக்குள்ளயே வளந்தவனுக்கு வேற எந்த வேலையும் ஒரு சட்டைய இரவல் வாங்கிப் போட்ட மாதிரிதான் இருக்கும்.

ராத்திரி ரெண்டரை மணிக்கு தூண்டில் எல்லாம் விட்டு முடிச்சு, பையங்க படுத்த பிறகு, டிரைவர் மட்டும் கேபின்ல உக்காந்திருப்பான். மாதா படத்துக்கு முன்னால சின்ன பல்பு, பக்கத்துல ஜிபிஎஸ் வெளிச்சம், அவ்வளவுதான். விடிஞ்சதும் கயித்த இழுக்கும்போது அத வெரலுல பிடிச்சிருந்தா போதும், கேரை (சூரை மீன்) மாட்டியிருந்தா கீழ பாத்து குத்திக் குத்தி இழுக்கும், சுறான்னா பாரமா வரும், திடீர்னு உருளும், கயிறு முறுக்கிக்கிட்டு கையில தெரியும். மீன் மேல வாறதுக்கு முன்னாடியே இன்னதுன்னு நான் சொல்லுவேன், பையங்க சிரிப்பாங்க, மேல வந்தா அதுவாத்தான் இருக்கும். அந்த ஒரு நிமிஷத்துக்காகத்தான் முப்பது நாளு உப்புத் தண்ணியில குளிச்சேன்னு சொன்னா நீங்க நம்பணும்.

ஆனா இதே மனுஷன்கிட்ட உங்க மவனும் வருவானான்னு கேளுங்க, வேண்டாம் டீச்சர், அவன் படிக்கட்டும்னு சட்டுனு சொல்லுவாரு. ரெண்டும் அவரு மனசுலருந்து வாறதுதான். அந்தப் பையன்கிட்ட அப்பா எந்தப் பக்கம் போயிருக்காரு, எத்தன நாளு தங்கல், அதாவது கரைக்கு வராம கடல்லயே தங்கிப் பிடிக்கிறதுன்னு தினமும் ஒரு வார்த்த கேளுங்க, கடல பத்தி பேசப் பேச அவனுக்கு மூச்சு லேசாகும், நான் என் மவள்கிட்ட பாத்தது.

ஸ்ராங்குன்னா யாரு, டிரைவர்னா யாரு? கொச்சியில ஒண்ணு சொல்றாங்க நம்ம ஊருல ஒண்ணு சொல்றாங்க. – வாசகர், நித்திரவிளை

நமக்கு டிரைவர்னா போட்டுக்கே தலைவன். கேரள எல்ல தாண்டி நீண்டகரை, முனம்பம், தோப்பும்படி போனா அவர ஸ்ராங்குன்னு சொல்லுவாங்க, அங்க டிரைவர்னா கீழ என்ஜின் பாக்கிறவரு. நான் முதல்ல முனம்பத்துக்குப் போனப்ப டிரைவர்னு சொல்லிட்டேன், என்ஜின் ரூமக் காட்டி இறங்குன்னுட்டாங்க. எப்படி ஆவறதுன்னா படிப்பு ஒண்ணும் இல்ல, பதினாறு பதினேழு வயசுல சமையல்காரப் பையனா ஏறணும், அப்புறம் டெக்கு, வலை கட்டு, தூண்டில் கட்டு, ராத்திரி காவலுக்கு ஸ்டியரிங் பிடிக்கிறது, அதப் பாத்து ஒரு நாளு முதலாளி கூப்பிட்டு போட்ட கையில குடுப்பாரு. எனக்கு பதினோரு வருஷம் ஆச்சு.

நான் பொழியூர் பக்கத்துல ஒரு ஐஸ் பிளாண்ட்டுல கணக்கு எழுதுறேன். சின்னமுட்டத்துல தடை முடியும்போது முட்டத்துல தடை நடக்குது, கேரளாவுல தேதி வேற. கடல் ஒண்ணுதானே? டிரைவர்மாரு இந்தத் தடைய மனசார ஒத்துக்கிறாங்களா? – வாசகர், கொல்லங்கோடு

முதல்ல தேதி. கிழக்குக் கடலுக்கு ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாளு, கன்னியாகுமரி, சின்னமுட்டம் எல்லாம் அதுல வரும். மேற்குக் கடலுக்கு ஜூன் 1ல இருந்து ஜூலை 31 வரைக்கும், அதுவும் 61 நாளு, முட்டம், குளச்சல், தேங்காப்பட்டணம் இதுல. ஒரே மாவட்டத்துல ரெண்டு தடை. கேரள அரசு போடுறது ஜூன் 9 நடுராத்திரியில இருந்து ஜூலை 31 நடுராத்திரி வரைக்கும் 52 நாளு, ஆனா அது கரையில இருந்து 12 நாட்டிக்கல் மைலுக்குள்ள மட்டும்தான், அதுக்கு வெளிய மத்திய அரசுக்க 61 நாளு கணக்கு. அதனால நம்ம தங்கல் போட்டு கொச்சியில கிடந்தாலும் அதுக்கு 61 நாளுதான், 12 மைலுக்குள்ள அதுக்கு என்ன வேல.

தேதி ஏன் மாறுதுன்னா மேற்குக் கரையில தென்மேற்குப் பருவம் அடிக்கிறப்பதான் ஆழத்துத் தண்ணி மேல எழும்பி வருது, குளிர்ந்த தண்ணி, அதுல மீனுக்கு எரை பெருகும், சாளையும் (மத்தி) அயலையும் (கானாங்கெளுத்தி) முட்ட போடுறது அந்த நேரத்துல. அம்பலப்புழ பக்கம் சாகரை, அதாவது கரையோரம் சேறு கலங்கி கடல் அமைதியாகி மீன் கூடுறது, விழுறதும் அந்த ஆனி ஆடியிலதான். கிழக்குக் கடலுக்கு வேற கணக்கு. கேரளாவுல இந்த மழக்காலத் தடை 1988ல தொடங்கினது, அதுவும் சும்மா வரல, 80கள்ல நாட்டுப் படகுக்காரங்க ரோட்டுல இறங்கி, உண்ணாவிரதம் கிடந்து வாங்கினது. தமிழ்நாட்டுல 2001ல வந்துச்சு, முதல்ல 45 நாளு, 2017ல 61 ஆக்கினாங்க.

இனி டிரைவர் மனசு. நான் பழகின டிரைவர்ல தடையே வேண்டாம்னு சொன்ன ஆள விரல் விட்டு எண்ணிரலாம். மீன் குறைஞ்சது எங்களுக்குத் தெரியாதா, நாங்கதானே தினம் தண்ணியப் பாக்கிறோம், 90கள்ல ஒரு ராத்திரி ஓட்டத்துல கிடைச்சது இப்ப நாலு நாளு ஓட்டத்துல கிடைக்கல. எங்களுக்குக் கோவம் தடை மேல இல்ல, தடைய எங்ககிட்ட கேக்காம போட்டுட்டு பேப்பர்ல பாத்துத் தெரிஞ்சுக்கச் சொல்றது மேலதான்.

தூத்தூர் பக்கத்து தூண்டில் போட்டுக்காரங்க கேக்குறது ஒண்ணு இருக்கு, நாங்க டிராலர் மாதிரி தரையோட அடிமடி வலை இழுக்கல, தரையில கிடக்கிற முட்டைய வாரல, ஆயிரம் ரெண்டாயிரம் அடி ஆழத்துக்கு மேல கேரையும் சுறாவும் பிடிக்கிறோம், எங்களுக்கும் டிராலருக்கும் ஒரே தடை எதுக்குன்னு. நியாயமான கேள்விதான். நான் அவங்கள்ல ஒருத்தன்தான், இருந்தாலும் முழுசா அவங்க பக்கம் நிக்க எனக்கு மனசு வரல, ஏன்னா ஆனி ஆடிக் கச்சான் காத்துல அந்தக் கடலுக்குப் போய் திரும்பாத போட்டு எனக்குத் தெரியும், தடை இல்லன்னா கடன் குடுத்தவன் ஜூன்லயும் போன்னுதான் சொல்லுவான். தூண்டிலுக்குத் தனியா உக்காந்து கணக்குப் போட்டு, நாளக் குறைக்கலாமா, தேதிய மாத்தலாமான்னு பேசட்டும், அந்தப் பேச்சு நடக்கிற ரூம்ல நாலு டிரைவர் உக்காந்திருக்கணும், நான் கேக்குறது அவ்வளவுதான்.

தடைக்கால நிவாரணம் தமிழ்நாட்டுல ஒரு குடும்பத்துக்கு 5,000 இருந்தத 8,000 ஆக்கியிருக்காங்க. கூட்டினது நல்லது. 61 நாளால வகுத்துப் பாருங்க, ஒரு நாளைக்கு 131 ரூபா வரும்.

கூடையில சாளைய வச்சு முப்பது வருஷமா விக்கிறேன். இடையில ரெண்டு மூணு வருஷம் சாளையே காணாமப் போச்சு, நான் ஓமான் சாளைய ஐஸ் பெட்டியில வாங்கி வித்தேன், வாங்கினவங்க மூஞ்சியச் சுளிச்சாங்க. இதுக்குக் காரணம் டிரைவர்மாரு குஞ்ச அள்ளினதுதான்னு எல்லாரும் சொல்றாங்க. நீங்க நெஞ்சத் தொட்டுச் சொல்லுங்க. – மீன் விக்கிற அம்மா, குளச்சல்

தொட்டுச் சொல்றேன்க்கா. கேரளாவுல 2012ல கிட்டத்தட்ட நாலு லட்சம் டன் சாளை கிடைச்சுது, 2021ல அது வெறும் 3,297 டன்னு, இது கொச்சியில இருக்கிற சிஎம்எஃப்ஆர்ஐ, அதாவது மத்திய கடல் மீன் ஆராய்ச்சி நிலையத்துக்க கணக்கு. அப்புறம் திரும்பி வந்துச்சு, நீங்களே பாத்திருப்பீங்க. சாளைக்குத் தண்ணி சூடாறது ஆகாது, கடல் சூடேறுற எல் நினோ வந்த வருஷங்கள்ல அது இடம் மாறும், மெலியும், முட்ட குறையும், அதனால எல்லாப் பழியும் வலை மேல வைக்க முடியாது. ஆனா வலைக்கும் பங்கு உண்டு. சாளைய அள்ளுறது பெரும்பாலும் மீன் கூட்டத்த வளைச்சு ரிங் வலை போடுற பெரிய வள்ளங்க, டிராலர் இல்ல, அந்த வள்ளத்துலயும் நம்மள மாதிரி ஒரு ஸ்ராங்குதான் முன்னால நின்னு கை காட்டுறான்.

குஞ்சு சாளை ஒரு கிலோவுக்கு நூறு நிக்கும். அதே சாளை வளந்தா கிலோவுக்கு இருபத்தஞ்சு முப்பதுதான். அப்படின்னா இன்னைக்கு ஒரு கிலோ குஞ்ச அள்ளினவன் நாளைக்கு வர வேண்டிய மூணு கிலோவ அழிச்சான், அதுல பாதி வேற மீனுக்கு எரையாப் போயிருக்கும்னு வச்சாலும் கணக்கு நட்டம்தான். இதுக்குத்தான் கேரளாவுல குறைஞ்சபட்ச நீளம் கொண்டு வந்தாங்க, சாளைக்கு 10 சென்டிமீட்டர், அயலைக்கு 14, கிளிமீனுக்கு 12, முதல்ல 14 வகைக்கு, அப்புறம் 58 வகைக்கு. கிளிமீன் அதுக்கப்புறம் கூடிச்சுன்னு சிஎம்எஃப்ஆர்ஐயே சொல்லியிருக்கு, கொல்லத்துல போட்டு ஓட்டுற கூட்டாளிகளும் அதத்தான் சொல்றாங்க.

இப்ப என் கத. நான் கொஞ்ச காலம் கேரளாவுல டிராலரும் ஓட்டினேன். அப்ப என் மடி வலைக்கு உள்ள, கடைசியில மீன் சேருற பை இருக்குல்ல, அதுக்குள்ள கொசுவலை மாதிரி சின்னக் கண்ணி வலைய ஒரு உள்பையா வச்சிருந்தேன். வெளிய பாத்தா பெரிய கண்ணி, அதிகாரி வந்து அளந்தாலும் சரியா இருக்கும். உள்ள வெரல் நீளம் கிளிமீன் பொடி, கடைசியில அது கோழித்தீவனத்துக்கும் மீன்மாவு கம்பெனிக்கும் போச்சு, கிலோவுக்கு என்ன கிடைச்சுதுன்னு சொல்ல எனக்கு வெக்கமா இருக்கு. ஏன் செஞ்சேன்? பக்கத்து போட்டுக்காரன் செய்றான். டீசல் 5,000 லிட்டர் ஏத்தினா லிட்டர் 90 ரூபான்னு வச்சாலும் நாலரை லட்சம், அது போக ஐஸ், சாப்பாடு, வலை, தரகருக்குக் கமிஷன், எல்லாம் கழிச்ச பிறகுதான் பங்கு, பங்கு இல்லன்னா அடுத்த தங்கலுக்கு பையங்க வேற போட்டுக்குப் போயிருவாங்க. நான் விட்ட குஞ்ச பின்னால வாறவன் அள்ளுவான்னு தெரிஞ்சா எவன் விடுவான்க்கா? இது நான் செஞ்சதுக்கு சமாதானம் இல்ல, செஞ்சது தப்பு. எப்படி நடக்குதுன்னு சொல்றேன், அவ்வளவுதான்.

இப்ப சதுரக் கண்ணி வந்திருக்கு, கேரளாவுல மீன் மடிக்கு 35 மில்லிமீட்டர். அது ஏன்னு ஒரு துண்டு வலைய கையில எடுத்துப் பாத்தா புரியும். பழைய வலையில கண்ணி டைமண்டு மாதிரி இருக்கும், ரெண்டு முனையையும் பிடிச்சு இழுத்தீங்கன்னா எல்லாக் கண்ணியும் கண்ண மூடினாப்ல ஒட்டிக்கும், போட்டு இழுக்கும்போது கடலுக்கடியில நடக்கிறது அதுதான், அளக்கும்போது பெரிய கண்ணி, இழுக்கும்போது கண்ணியே இல்ல. அதே வலைய சதுரமா திருப்பி வெட்டித் தைச்சா இழுத்தாலும் ஜன்னல் மாதிரி திறந்தே நிக்கும், குஞ்சு நழுவிப் போயிரும். கருத்தா வலை கட்டுற கிழவனுங்க இத ஒரு தடவ கையால இழுத்துப் பாத்துட்டு, இது சரிதான்னு தலையாட்டினத நானே பாத்திருக்கேன், அதுக்கு முன்னால ஒரு வருஷம் நோட்டீஸ் ஒட்டியும் ஒருத்தனும் அதப் படிக்கல.

நான் தூத்துக்குடி மீன்வளக் கல்லூரியில படிக்கிறேன், சொந்த ஊரு இரயுமன்துறை. டிரைவர்கள்கிட்ட மீன்வள நிர்வாகம் பத்தி கருத்து கேட்டு புராஜெக்ட் பண்ணணும். ஹார்பருக்குப் போனா ஒருத்தரும் பேச மாட்டேங்குறாங்க, எல்லாத்துக்கும் ‘ஆமா’ன்னு டிக் போட்டுட்டு போயிடுறாங்க. – மாணவர்

தம்பி, நீ ஏலம் நடக்கும்போது போயிருப்ப. மீன் வெயில்ல கிடக்கு, தரகர் விலைய இறக்குறான், அந்த நேரத்துல மாதாவே வந்து கேட்டாலும் டிரைவர் ஆமான்னுதான் சொல்லுவான். ஜூன் மாசம் போ. தடைக்காலத்துல போட்டு மேல ஏத்திக் கிடக்கும், பலகையில வலை கட்டிட்டு இருப்பாங்க, பக்கத்துல உக்காந்து ஊசியில நூல் கோத்துக் குடு, ஒரு மணி நேரம் ஒண்ணும் கேக்காத. அதுக்கப்புறம் கேள்வி ஃபார்ம எடுக்காம, மாமா நீங்க முதல்ல ஏறினப்ப ஐஸ் எத்தன நாளுல நிறையும், இப்ப எத்தன நாளு ஆவுதுன்னு கேளு. மீன் குறைஞ்சிருக்கா ஆமா/இல்லன்னு கேட்டா கிடைக்காத பதில் அங்க கிடைக்கும்.

இன்னொண்ணு, கேட்டத எழுதிட்டுப் போனவங்க யாரும் திரும்பி வந்து என்ன கண்டுபிடிச்சோம்னு எங்ககிட்ட சொன்னது இல்ல. நீ சொல்லு. சர்ச்சு மணி மண்டபத்துலயோ ஹார்பர் டீக்கடையிலயோ ஒரு சாயந்திரம் வாசிச்சுக் காட்டு, திட்டுவாங்க, அந்தத் திட்டையும் எழுது.

டிரைவர்மாருக்கு சட்டம்னாலே பிடிக்காதுன்னு உங்க வாத்தியாருங்க சொல்லியிருந்தா அத முழுசா நம்பாத. நம்ம கரையில ஞாயித்துக்கிழம கட்டுமரம் இறக்கக் கூடாதுன்னு ஊரு போட்ட கட்டுப்பாடு இருக்கு, அத மீறினவன ஊரே கேள்வி கேக்கும், எந்த போலீசும் வந்து காவல் நிக்கல. அமெரிக்காவுல மெய்ன்னு ஒரு மாநிலம், அங்க சிங்கி ரால் பிடிக்கிறவங்க முட்டை சுமந்த பொட்ட ரால் கிடைச்சா அதுக்க வால்ல ஒரு சின்ன வெட்டுப் போட்டு திரும்பக் கடல்ல விட்டுருவாங்க, அடுத்த வருஷம் முட்ட இல்லாம வேற ஒருத்தன் பொறியில மாட்டினாலும் அந்த வெட்டப் பாத்து, இது முட்ட போடுற தாய்னு அவனும் விட்டுருவான். அந்த வெட்டு உள்ள ரால வச்சிருக்கக் கூடாதுன்னு அங்க சட்டமும் இருக்கு. தான் விட்டத அடுத்தவனும் விடுவான்னு நம்பிக்க இருந்தா மீன்பிடிக்காரன் விடுவான் தம்பி. உன் புராஜெக்ட்டுல நீ தேட வேண்டியது அந்த நம்பிக்க நம்ம ஹார்பர்ல எங்க உடைஞ்சுதுங்கறதத்தான். நான் சொல்லித் தரேன், ரெண்டு இடம் போய்ப் பாரு. 2017 நவம்பர்ல எல்ஈடி லைட்டு போட்டுப் பிடிக்கிறதையும் ரெண்டு போட்டு சேந்து இழுக்கிற ஜோடி மடியையும் மத்திய அரசு தடை பண்ணிச்சு, தூரத்துல ராத்திரி வெளிச்சம் இப்பவும் தெரியுதான்னு கட்டுமரக்காரங்ககிட்ட கேளு. மீன் கூட்டத்த வளைச்சு அடியச் சுருக்குற சுருக்குமடி வலைக்கு 12 மைலுக்கு வெளிய திங்களும் வியாழனும் காலை 8ல இருந்து சாயந்திரம் 6 வரைக்கும்னு உச்ச நீதிமன்றம் 2023 ஜனவரியில இடைக்கால உத்தரவு குடுத்துச்சு, மத்த நாளு யாரு பாக்கிறதுன்னு அதையும் கேளு.

நல்லதும் சொல்லணும். ஹைதராபாத்துல இருந்து இன்காய்ஸ்ங்கற மத்திய அரசுக் கடல் தகவல் மையம் அனுப்புற மீன் கூட்டம் இருக்கிற இடத் தகவல் இருக்குல்ல, சாட்டிலைட்டுல தண்ணிச் சூடும் பாசி நிறமும் பாத்து சொல்றது, அத முதல்ல சிரிச்சவங்க இப்ப வாட்ஸப்புல காத்துக்கிட்டு இருக்காங்க, ஏன்னா டீசல் மிச்சமாச்சு. அரசாங்கம் சொல்றத எதையுமே டிரைவர் கேக்க மாட்டான்னு இல்ல.

எங்க வீட்டுக்காரரு போட்டு கூரையில ஒரு பெட்டி மாட்டிக் குடுத்திருக்காங்க. எங்க போனாலும் தெரியும்னு சொன்னாங்க. அவரு அத அணைச்சு வச்சிருவாருன்னு பையங்க சொல்றாங்க. எனக்கு ராத்திரி தூக்கம் இல்லண்ணே. – வாசகி, வள்ளவிளை

அது டிரான்ஸ்பாண்டர்மா. இஸ்ரோ செஞ்சது, சாட்டிலைட் வழியா பேசும், இங்க இருந்து புயல் சேதி அங்க போகும், அங்க இருந்து ஆபத்துன்னு பட்டன அமுக்கினா இங்க வரும். ஒரு லட்சம் போட்டுக்கு இலவசமா மாட்டுறதுன்னு 2024ல திட்டம் தொடங்கினாங்க. ஓகியப்ப நம்ம கையில இருந்தது விஎச்எஃப் வயர்லெஸ் மட்டும்தான், அது பதினஞ்சு இருபது மைலு தாண்டாது, ஒரு போட்டு அடுத்த போட்டுக்கு, அது அடுத்ததுக்குன்னு சேதி கைமாறி வரணும், நடுவுல ஒரு போட்டு இல்லன்னா அத்தோட சேதி செத்துச்சு. நூறு இருநூறு மைலு வெளிய கிடந்தவனுக்கு கரையில மைக் வச்சு கத்தினது எப்படிக் கேக்கும்?

அவரு ஏன் அணைக்கிறாருன்னு எனக்குத் தெரியும். ஒண்ணு, மீன் கிடக்கிற இடம். எங்கப்பா காலத்துல கரையில தெரியுற மலையும் கோயில் கோபுரமும் அடையாளமா வச்சு கணிச்சம் பாத்து, மீன் கூடுற கடலடிப் பாறைய, அதுக்குப் பேரு பாரு, கண்டுபிடிப்பாங்க, அத சாவுற வரைக்கும் கூடப்பிறந்தவனுக்குக்கூட சொல்ல மாட்டாங்க, ஜிபிஎஸ் வந்த பிறகும் அந்த நம்பர டைரியில எழுதி பூட்டி வைக்கிறவங்க உண்டு. பெட்டி வழியா அது வெளிய போயிரும்னு பயம். ரெண்டாவது, எல்ல. கேரையத் தேடித் தேடி நம்ம நாட்டுக்கான 200 மைலு கடல் எல்லையத் தாண்டிப் போறவங்க இருக்காங்க, மாலத்தீவுப் பக்கமும் டியகோ கார்சியா இருக்கிற சாகோஸ் தீவுப் பக்கமும் போய் மாட்டினவங்க நம்ம ஊருலயே இருக்காங்க, அந்தச் சாகோஸ் கடல்ல மீனே பிடிக்கக் கூடாதுன்னு 2010ல பிரிட்டன் அறிவிச்சிருக்கு, மாட்டினா போட்டும் போச்சு, அபராதமும் ஆச்சு.

அவருகிட்ட சண்ட போடாதம்மா. அவரு தங்கல் முடிஞ்சு வந்து, குளிச்சு, சாப்பிட்டு படுத்த பிறகு சொல்லு, உங்க மீன் எனக்கு வேண்டாம், பெட்டி எரிஞ்சா போதும்னு. நான் சொல்றதவிட அது உள்ள இறங்கும். நான் இருந்திருந்தா எரிய விட்டிருப்பேனான்னு என்ன நானே கேட்டுப் பாத்தேன், ஓகிக்கு முன்னால அணைச்சிருப்பேன், பின்னால மாட்டேன்.

சுறா பிடிக்கலாமா கூடாதா? ஆளாளுக்கு ஒண்ணு சொல்றாங்க. – வாசகர், பூத்துறை

சில சுறாவப் பிடிக்கலாம், சிலதப் பிடிக்கக் கூடாது. திமிங்கலச் சுறாவ 2001ல இருந்தே தொடக் கூடாது, மாட்டினா வலைய அறுத்து விடணும். 2022ல வனவிலங்குச் சட்டத்த திருத்தினப்ப பட்டியல் இன்னும் நீண்டுச்சு. சுறாவுக்க துடுப்ப மட்டும் அறுத்துட்டு உடம்பக் கடல்ல தள்ளுறது 2013ல இருந்து கூடாது, துடுப்பு ஏத்துமதி 2015ல நின்னுச்சு. தூத்தூர் ஆளு எப்பவும் முழுச் சுறாவத்தான் கரைக்குக் கொண்டு வருவான், கறியும் விப்பான், அந்தப் பெருமை நமக்கு உண்டு. எந்த வகை கூடாதுங்கற பட்டியல படத்தோட, தமிழ்ல, ஒவ்வொரு போட்டு கேபின்லயும் ஒட்டிக் குடுத்தா பாதிப் பிரச்சன தீரும். கருப்பு வெள்ளையில இங்கிலீஷ் பேரு போட்ட நோட்டீஸ் எங்களுக்கு எதுக்கு, இருட்டுல கயித்துல தொங்குறது எதுன்னு அதப் பாத்து எப்படி அடையாளம் கண்டுபிடிக்க.

எனக்கு வயசு 49, டிரைவர். மவன் டிப்ளமா முடிச்சிட்டான், வேலை கிடைக்கல, போட்டுக்கு வாறேன்னு நிக்கிறான். அவனுக்க அம்மா அழுறா. நான் என்ன சொல்ல? – வாசகர், சின்னத்துறை

தம்பி, வேண்டாம்னு மட்டும் சொன்னா அவன் உன் போட்ட விட்டுட்டு வேற போட்டுல ஏறுவான், அது இன்னும் மோசம், அங்க அவன யாரு பாப்பா. ஒரு தங்கலுக்குக் கூட்டிட்டுப் போ. டிரைவருக்க மவன்னு கேபின்ல உக்கார வைக்காத, அடுப்புல இருந்து தொடங்கட்டும், பத்து பதினஞ்சு பேருக்கு ஆடுற போட்டுல சோறு வடிக்கட்டும். லைஃப் ஜாக்கெட்ட மடிச்சுத் தலைக்கு வைக்காம போட்டுக்கிட்டுப் படுக்கச் சொல்லு, பெட்டிய எப்படி அமுக்கணும்னு அவனுக்கு முதல்ல காட்டு, உன் கையாளுங்கள விட அவனுக்குத்தான் அது சீக்கிரம் புரியும். திரும்பி வந்த பிறகு அவனே சொல்லட்டும்.

ஆகஸ்ட் 1 அன்னைக்கே எல்லாரும் மணியடிச்சு ஓடுவாங்க, அந்தக் கூட்டத்துல அவன ஏத்தாத, கச்சான் இன்னும் அடங்கியிருக்காது. ஓணம் கழியட்டும், அப்புறம் கூட்டிட்டுப் போ.